எங்கே போனாய் என்று கேட்க ஓர் ஆள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஸ்மோக்கி மலைத்தொடரை ஒட்டி, செரோக்கி பழங்குடியினரின் கிழக்குப் பிரிவினர் வாழ்கிறார்கள். 1838இல் அமெரிக்க அரசு செரோக்கிகளைத் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டியபோது அங்கேயே தங்கிப் பிழைத்தவர்களின் வம்சம் அது. 1993இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் இந்த மலைப்பகுதியின் 11 மாவட்டங்களில் 9, 11, 13 வயதுப் பிள்ளைகள் 1,420 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கில் ஒரு பங்கு பழங்குடிப் பிள்ளைகள். ஆண்டுதோறும் பிள்ளையிடமும் பெற்றவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, மனநலத்தைப் பதிவுசெய்து வருவதுதான் திட்டம்.

ஆய்வு பாதி வழியில் இருக்கும்போது, பழங்குடியினர் தங்கள் நிலத்தில் ஒரு பெரிய சூதாட்ட விடுதியைத் திறந்தார்கள். லாபத்தில் ஒரு பங்கைப் பழங்குடி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்க முடிவானது. வேலைக்குப் போகிறவர், போகாதவர், குடிப்பவர், குடிக்காதவர் என்ற கணக்கே கிடையாது. எல்லோருக்கும் ஒரே தொகை. 2001 வாக்கில் அது ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 டாலர் ஆகிவிட்டது.

வறுமைக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. ஆனால் அந்தத் தொடர்பை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் தகராறு. வறுமை பிள்ளையைக் கெடுக்கிறதா, அல்லது பெற்றவரிடம் உள்ள ஏதோ ஒரு குணம் குடும்பத்தையும் வறுமையில் தள்ளிப் பிள்ளையையும் அடங்காதவனாக்குகிறதா? பணக்காரக் குடும்பம், ஏழைக் குடும்பம் என்று பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்துப் பார்க்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. இங்கே அந்தச் சோதனை தானாக நடந்தது. குணம் பார்க்காமல் பணம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்ற குறிப்பு கையில் இருந்தது.

2003இல் முடிவுகள் வெளியாயின. பணம் வந்தபின் பழங்குடிக் குடும்பங்களில் 14 சதவீதம் வறுமைக்கோட்டைத் தாண்டியிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் எதிர்த்துப் பேசுவது, சண்டைக்குப் போவது, திருடுவது, பொருள்களை உடைப்பது போன்றவை, என்றுமே ஏழையாக இராத வீட்டுப் பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிவிட்டன. பணம் வந்தும் வறுமையிலேயே தங்கிவிட்ட குடும்பங்களில் அவை குறையவில்லை. கவலையும் மனச்சோர்வும் இரண்டு தரப்பிலும் அசையவே இல்லை. மாறியது நடத்தை மட்டும்தான்.

பணம் எந்த வழியாகப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது? புதிய சட்டையா, நல்ல சாப்பாடா, டியூஷனா? காஸ்டெல்லோ குழுவினர் பல வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மாற்றத்தின் பெரும்பகுதியை விளக்கியது ஒன்றே ஒன்று: பெற்றவர்களின் கண்காணிப்பு. பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எப்போது வீடு திரும்புவான் என்று கவனிக்க அப்பா அம்மாவுக்கு நேரம் கிடைத்திருந்தது.

சின்ன வயதிலிருந்தே அடங்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் இரண்டே தீர்ப்புகள்தான். ஒன்று, ‘அவன் பிறவியே அப்படி’. இன்னொன்று, ‘வளர்த்த லட்சணம்’. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. பிள்ளைக்கும் அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கும் இடையே அன்றாடம் நடக்கும் கொடுக்கல் வாங்கலில்தான் இந்தக் கோளாறு வளர்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலைக் கெடுக்கும் எதுவும், அது மரபணுவாகட்டும், வேலை நேரமாகட்டும், வீட்டுச் சுவரின் பெயின்டாகட்டும், ஆபத்துக் காரணியாகிறது.

முதலில் எதைக் கோளாறு என்கிறோம் என்று தெளிவாக்கிவிட வேண்டும். சேட்டை செய்யும் பிள்ளை எல்லாம் நோயாளி கிடையாது. மனநல மருத்துவத்தில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்பது ஓயாத கோபம், எதற்கெடுத்தாலும் வாக்குவாதம், வேண்டுமென்றே எரிச்சலூட்டுவது, வன்மம் வைத்துக்கொள்வது. அது ஆறு மாதமாவது நீடித்து, வீட்டையோ பள்ளியையோ நட்பையோ குலைத்தால்தான் கணக்கில் வரும். நடத்தைக் கோளாறு என்பது அடுத்த படி: பிறரை அடிப்பது, விலங்குகளை வதைப்பது, சொத்தை நாசமாக்குவது, திருட்டு, பொய், வீட்டை விட்டு ஓடுவது, பள்ளிக்கு மட்டம் போடுவது. இவற்றில் பல, ஓராண்டாகத் தொடர வேண்டும். உலக அளவில் கணக்கெடுத்ததில், பிள்ளைகளிலும் பதின்வயதினரிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு இவற்றில் ஒன்று இருக்கிறது. ஐம்பது பேர் படிக்கும் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பையன்கள் அதிகம்.

அடிப்பதும் பிடுங்குவதும் எந்த வயதில் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு என்பார்கள். கனடாவின் மான்ட்ரியலில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொன்ன விடை இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். அங்கன்வாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பொம்மையைப் பிடுங்கினால் கடி, தள்ளினால் அடி. ஆக, அடிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பேச்சு வளர, பெரியவர் இடையில் புகுந்து நிதானமாக விலக்கிவிட, காத்திருந்தால் கிடைக்கும் என்று தெரிய, பெரும்பாலான குழந்தைகள் பள்ளி வயதுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ‘இவனுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?’ என்று கேட்பதைவிட, ‘எல்லோரும் கற்றுக்கொண்ட ஒன்றை இவன் கற்றுக்கொள்ள எது தடையாக இருந்தது?’ என்று கேட்பது நம்மைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்.

அந்தத் தடை வீட்டுக்குள் எப்படி உருவாகிறது என்பதை மிக அருகில் போய்ப் பார்த்தவர் ஜெரால்டு பேட்டர்சன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் அவருடைய குழுவினர் குடும்பங்களின் வீட்டுக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார் என்று சில விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டார்கள். அவர் கண்டதை நம் வீட்டு மாலை நேரம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

அம்மா வேலை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். எட்டு வயதுப் பையன் கையில் போன். ‘கண்ணா, போனை வச்சிட்டு வந்து சாப்பிடு.’ பதில் இல்லை. ‘உன்னத்தான்டா.’ ‘இரும்மா, இந்த ஒரு கேம்.’ ஐந்து நிமிடம் போகிறது. ‘எத்தன தடவ சொல்றது?’ என்று குரல் ஏறுகிறது. ‘சும்மா கத்தாதம்மா!’ என்று அவன் குரலும் ஏறுகிறது. அம்மா போனைப் பிடுங்கப் போக, அவன் தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் விழுந்து அலறுகிறான். பக்கத்து வீட்டில் கதவு திறக்கும் சத்தம். அம்மாவுக்கு உடம்பெல்லாம் அசதி. ‘என்னவோ பண்ணித் தொல’ என்று திரும்பிவிடுகிறார். அந்த நொடியே அலறல் நிற்கிறது.

இங்கே இரண்டு பேருமே பாடம் படித்துவிட்டார்கள். அலறினால் போன் கிடைக்கும் என்பது பையன் படித்தது. விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்பது அம்மா படித்தது. இன்னொரு நாள் அம்மா முதுகில் இரண்டு போட்டு அவனை அடக்கினால் பாடம் தலைகீழாகும்: அடித்தால் வேலை நடக்கும் என்று அவர் படிக்கிறார், வலுத்தவன் அடிக்கலாம் என்று அவன் படிக்கிறான். நாளைக்குச் சண்டை இன்னும் சீக்கிரம் உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் நடுவில் இருக்கும் படிகளுக்குப் பயன் இல்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. பேட்டர்சன் இதை வற்புறுத்தல் சுழற்சி என்றார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அம்மாவிடம் அன்பும் குறையவில்லை. அந்த நேரத்தில் அவரிடம் இல்லாதது தெம்பு.

அப்படியானால் குற்றம் அம்மாவுடையதா? இந்தக் கேள்விக்குக் கனடாவின் கால்கரியில் 1986இல் வந்த ஓர் எளிய சோதனை நல்ல பதில் தருகிறது. நடத்தைக் கோளாறு உள்ள பையன்களின் அம்மாக்களையும், அது இல்லாத பையன்களின் அம்மாக்களையும் அழைத்தார்கள். ஒவ்வோர் அம்மாவும் தன் மகனோடு கொஞ்ச நேரம், வேறு வீட்டுச் சாதுவான பையனோடு கொஞ்ச நேரம், வேறு வீட்டு அடங்காத பையனோடு கொஞ்ச நேரம் விளையாடவும் கணக்குப் போடவும் வேண்டும். அடங்காத பையனோடு உட்கார்ந்தபோது எல்லா அம்மாக்களுமே அதிகம் அதட்டினார்கள், அதிகம் ஏவினார்கள். தன் பிள்ளை தங்கமாக இருக்கும் அம்மாவும் இதற்கு விலக்கில்லை. பிள்ளையும் பெரியவரை வளர்க்கிறான் என்பதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் இந்த அம்மாக்களைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பதை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்தப் பிள்ளையோடு ஒரு வாரம் இருந்தால் சுளிப்பவர்களும் அப்படித்தான் கத்துவார்கள்.

பிள்ளை தன்னோடு கொண்டுவருவது என்ன? முதலில் சுபாவம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்குள் பிறந்த 1,037 பேரை இன்றுவரை தொடர்ந்து ஆராய்கிறார்கள். மூன்று வயதில் ஓர் அறையில் வைத்துப் பார்த்தபோது சிலர் நிலைகொள்ளாமல், சட்டென்று சினந்து, எதையும் முடிக்காமல் ஓடினார்கள். இருபத்தொரு வயதில் சட்டத்தோடு மோதியவர்களில் இவர்களின் பங்கு மற்றவர்களைவிட அதிகம். இவர்களில் பலருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறும் சேர்ந்திருக்கும். பேச்சு தாமதமாக வந்தவர்களும், வாசிக்கத் திணறுபவர்களும் உண்டு. வார்த்தை கிடைக்காதவன் கையை நீட்டுகிறான். பலகையில் எழுதியதைப் படிக்க முடியாதவன், ‘முட்டாள்’ என்ற பெயரைவிட ‘முரடன்’ என்ற பெயர் மேல் என்று முடிவு செய்கிறான். கடைசி பெஞ்சில் வம்பு செய்யும் பையனைக் கண்டிக்கும் முன் மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது எத்தனையோ பள்ளிகளில் நடப்பதே இல்லை.

மரபணுவின் பங்கு உண்மை. இங்கிலாந்து, வேல்ஸ் இரட்டையர்களை ஏழு வயதில் ஆராய்ந்த எசி வைடிங், 2005இல் ஒரு முக்கியமான பிரிவைக் காட்டினார். முரட்டுத்தனத்தோடு இரக்கமின்மையும் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. அடிபட்டவனின் அழுகை இவர்களைத் தொடுவதில்லை, தண்டனையும் உறைப்பதில்லை. இவர்களிடம் மரபின் பங்கு 81 சதவீதம். இரக்கம் இருந்தும் கோபத்தை அடக்க முடியாத பிள்ளைகளிடம் 30 சதவீதம்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பையன்களும் செய்வது ஒன்றே. உள்ளே ஓடுவது வேறு. முதல் வகைப் பிள்ளையிடம் தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. பாராட்டும் பரிசும்தான் அவனிடம் ஓரளவு வேலை செய்கின்றன.

81 சதவீதம் என்றதும் விதி என்று படித்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பிறந்தவுடன் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெற்ற தாயிடம் கடுமையான சமூக விரோத நடத்தை இருந்தால், அவரை ஒரு நாள்கூடப் பார்க்காத குழந்தையிடமும் இரக்கமின்மையின் அறிகுறிகள் சற்று அதிகம் தெரிந்தன. ஆனால் வளர்த்த தாய் குழந்தையின் நல்ல செய்கைகளைக் கவனித்து அடிக்கடி பாராட்டுபவராக இருந்த வீடுகளில் அந்த மரபுச் சுமை நடத்தையில் வெளிப்படவில்லை. டனீடினிலிருந்து 2002இல் வந்த மரபணு ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. மூளையில் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற நொதி சிலருக்கு இயல்பிலேயே குறைவாக வேலை செய்யும். செய்தித்தாள்கள் அதற்குக் காரணமான மரபணு வகைக்கு வன்முறை மரபணு என்று பெயர் வைத்தன. ஆய்வு சொன்னது வேறு: அந்த மரபணு வகை இருந்து, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளான ஆண்களிடம்தான் வன்முறை பெரிதும் கூடியிருந்தது. கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் மரபணு தனியாக ஒன்றும் செய்துவிடவில்லை.

உடம்பும் இந்தக் கணக்கில் உண்டு. இந்தியப் பெருங்கடலில், தமிழர்களும் வாழும் மொரீஷியஸ் தீவில், மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரை 1970களின் தொடக்கத்தில் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்திய வம்சாவளியினர். உதட்டோரப் புண், நிறம் வெளுத்த முடி, இரத்தச்சோகை என்று சத்துக்குறைவின் அடையாளங்கள் இருந்த குழந்தைகள், 8, 11, 17 வயதுகளில் அதிக முரட்டுத்தனம் காட்டினார்கள். அதே தீவில் நூறு குழந்தைகளுக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் என்று ஒரு மழலையர் பள்ளித் திட்டம் நடந்தது. பதினேழு வயதில் அவர்களிடம் நடத்தைப் பிரச்சினைகள் குறைவு. மூன்று வயதில் சத்துக்குறைவோடு இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். மூன்றிலிருந்து ஐந்து வயது என்பது நம் அங்கன்வாடி வயது. அங்கன்வாடியை வெறும் எடைபார்க்கும் இடமாக நடத்தும்போது எதை இழக்கிறோம் என்று இந்த ஆய்வைப் படிக்கும் எந்த அதிகாரியும் யோசிக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1979இல் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, ஈயம் அதிகம் இருந்த பிள்ளைகள் வகுப்பில் அதிகம் கவனம் சிதறுவதைக் காட்டினார். 1996இல் பையன்களின் எலும்பில் உள்ள ஈயத்தை அளந்து, அது கூடக் கூட முரட்டுத்தனமும் திருட்டும் கூடுவதைக் காட்டினார். ஈயத் தொழில் அவரை விடாமல் தாக்கியது. அவர் பின்வாங்கவில்லை. பெட்ரோலிலிருந்து ஈயத்தை இந்தியா 2000இல் நீக்கிவிட்டது. ஆனால் பழைய பேட்டரிகளைத் திறந்த வெளியில் உருக்குவதும், பழைய பெயின்ட் உதிர்வதும், நிறத்துக்காக மஞ்சள்தூளில் ஈயக் குரோமேட் கலப்பதும் இன்னும் நிற்கவில்லை. எந்த அறிவுரையும் ஒரு குழந்தையின் எலும்பிலிருந்து ஈயத்தை எடுக்காது.

தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒவ்வொரு காரணியும் பயமுறுத்தும். மைக்கேல் ரட்டர், இங்கிலாந்தின் வைட் தீவிலும் லண்டனின் உட்பகுதியிலும் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து, இந்தப் பயத்துக்கு ஓர் அளவு கொடுத்தார். பெற்றோரிடையே கடும் சச்சரவு, வறுமை, நெரிசலான அல்லது மிகப் பெரிய குடும்பம், அப்பாவின் குற்றப் பின்னணி, அம்மாவின் மனநோய், பிள்ளை காப்பகத்தில் இருக்க நேர்வது என்று ஆறை எடுத்துக்கொண்டார். ஒன்றே ஒன்று மட்டும் இருந்த பிள்ளை, எதுவும் இல்லாத பிள்ளையைவிட மோசமாகிவிடவில்லை. இரண்டு சேர்ந்தபோது ஆபத்து நான்கு மடங்கானது. அதற்கு மேல் சேரச் சேர இன்னும் ஏறியது. விவாகரத்தான வீடு என்றாலே பிள்ளை கெட்டுவிடும், அம்மா வேலைக்குப் போனாலே பிள்ளை கெட்டுவிடும் என்று உறவினர்கள் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆறில் ஐந்தைத் தீர்க்க முடியாத வீட்டில்கூட, ஒன்றைக் குறைத்தால் பலன் உண்டு.

பதின்வயதில் காட்சி மாறுகிறது. டனீடின் தரவுகளை வைத்து டெரி மொஃபிட் 1993இல் இரண்டு பாதைகளைப் பிரித்துக் காட்டினார். சிலரிடம் சிறுவயதிலேயே தொடங்கி நீண்டு போவது ஒன்று. பதிமூன்று, பதினான்கில் தொடங்கி, வேலை, துணை, பொறுப்பு என்று வந்ததும் அடங்கிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வகையினரே எண்ணிக்கையில் அதிகம். உடம்பு வளர்ந்துவிட்டது, ஊர் இன்னும் சின்னப் பையன் என்கிறது. அந்த இடைவெளியில் விதியை மீறுபவன் பெரியவனாகத் தெரிகிறான். ஆகவே இந்த வயதில் ஆபத்துக் காரணிகளில் கூட்டாளிகள் முன்னுக்கு வருகிறார்கள். ஓரிகனில் தாமஸ் டிஷியன், இரண்டு நண்பர்களை ஓர் அறையில் விட்டு 25 நிமிடம் பேசவைத்து வீடியோ எடுத்தார். சில ஜோடிகளில் பொறுப்பாகப் பேசினால் மௌனம், தப்புத்தண்டாவைப் பற்றிப் பேசினால் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அதிகம் வாங்கியவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் தப்புத்தண்டாவும் அதிகமானது.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் பிறந்தது. அடங்காத பையன்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரே குழுவாக உட்காரவைத்து நல்வழிப்படுத்தும் திட்டங்கள் சில, நிலைமையை மோசமாக்கின. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் திட்டத்தில் ஆபத்தில் இருந்த பையன்களுக்கு ஆலோசகர், மருத்துவம், டியூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்டு தேடிப்பிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சில வகைகளில் மோசமாக இருந்தார்கள். முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. நல்ல மனதோடு செய்தது பலன் தரும் என்று எண்ணிக்கொள்வதில் உள்ள ஆபத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ஆய்வு குறைவு. நம் பள்ளிகளில் ‘ரவுடிப் பசங்களை’ தனி செக்‌ஷனில் போடும் வழக்கம் இருக்கிறதே, அதை நடத்தும் தலைமையாசிரியர்கள் மெக்கார்டின் முடிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

அடியைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். 75 ஆய்வுகளை, 1,60,000 பிள்ளைகளை ஒன்றுசேர்த்து எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலரும் 2016இல் கணக்கிட்டார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்பவர்கள் தாங்கள் அடிவாங்கி நன்றாக வந்ததைக் காட்டுவார்கள். அடிவாங்கி வீணானவர்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

மருத்துவத்தில் இந்தக் கோளாறுகளுக்கு முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது. பெற்றோருக்கான பயிற்சிதான். கேட்டவுடன் சில அப்பாக்களுக்குக் கோபம் வரும்: தப்பு செய்பவன் அவன், பயிற்சி எங்களுக்கா? மேலே பார்த்த அந்த மாலை நேரத்தைத்தான் அந்தப் பயிற்சி பிரித்துப் போடுகிறது. சமையலறையிலிருந்து கத்தாமல் அருகில் போய்ச் சொல்வது. ஒரு முறை சொல்வது. நடக்க முடிந்ததை மட்டும் சொல்வது. கேட்டுவிட்டால் அந்த நிமிடமே, ‘சொன்னவுடனே வச்சிட்டியே, சபாஷ்’ என்று கவனித்துச் சொல்வது. கேட்காவிட்டால் முன்பே பேசிவைத்த சிறிய இழப்பு ஒன்றை, நாளைக்குப் போன் அரை மணி நேரம் குறைவு என்பது போல, குரலை உயர்த்தாமல் நிறைவேற்றுவது. அலறும்போது விட்டுக்கொடுக்காமல் இருப்பது. எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. பத்து மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வந்து செய்வது எளிதல்ல, அதனால்தான் ஒருவர் கூடவே இருந்து பழக்க வேண்டியிருக்கிறது. பெற்றவருக்கு மனச்சோர்வோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். ஆறு வயதுக்குள் பேச்சோ வளர்ச்சியோ தாமதமாகத் தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு பிள்ளையைக் கோளாறு உள்ளவன் என்று எழுதிவைப்பதிலும் கவனம் வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தைகள் மனநல நிலையத்துக்கு வந்த 524 பேரை முப்பது ஆண்டு கழித்துத் தேடிய லீ ராபின்ஸ், 1966இல் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொன்னார். சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே சிறுவயதில் அடங்காதவர்களாக இருந்தார்கள். ஆனால் சிறுவயதில் அப்படி இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வளர்ந்தபின் அப்படியானார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒருவனுடைய நடத்தையை ஒற்றைச் சொல்லில் எழுதும் ஆசிரியர், இரண்டாவது செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியரால் செய்ய முடிந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. கேன்சஸில் நான்காம் வகுப்பு எடுத்த மியூரியல் சாண்டர்ஸ் என்ற ஆசிரியை, 1960களின் இறுதியில், அடங்காத வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார். எந்தப் பிள்ளையாவது விதியை மீறினால் அவன் அணிக்கு ஒரு புள்ளி. புள்ளி குறைவாக வாங்கும் அணிக்கு வெற்றி. இரண்டுமே ஓர் அளவுக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு என்பது ஒரு ஸ்டார், வரிசையில் முதலில் நிற்பது, கொஞ்சம் விளையாட்டு நேரம், அவ்வளவுதான். ஓடுவதும் கத்துவதும் மளமளவென்று குறைந்தன. இதைத்தான் 1985இல் ஷெப்பர்டு கெல்லம் பால்டிமோர் நகரப் பள்ளிகளின் முதல் வகுப்புகளுக்குக் கொண்டுபோனார். சாதுவும் முரடனும் கலந்த அணிகள், தொடக்கத்தில் பத்தே நிமிட ஆட்டம். சில வகுப்புகளுக்கு இது, சில வகுப்புகள் வழக்கம்போல என்று குலுக்கல் முறையில் பிரித்துவிட்டு, அந்தப் பிள்ளைகளை இருபது வயதுவரை தொடர்ந்தார்கள். சாதுவான பிள்ளைகளிடம் வித்தியாசம் சிறியது. முதல் வகுப்பில் எல்லோரையும்விட அதிகம் அடித்துக்கொண்டிருந்த பையன்களிடம்தான் அது பெரிது: அந்த ஆட்டம் நடந்த வகுப்பில் படித்தவர்களிடம் போதைப் பழக்கமும் சமூக விரோத நடத்தையும் வெகுவாகக் குறைந்திருந்தன.